சாவுரோவின் முகம்

கொதித்துப்போன ரேடியேட்டர் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. துரு, சுட்ட ரப்பர், அடிப்பிடித்த வெல்லப்பாகு மூன்றும் கலந்தது மாதிரி இருக்கும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில், எது மேகம் எது எங்கள் வண்டியின் ஆவி என்று தெரியாத பனிக்குள் கால்விரல்கள் விறைக்க நான் நின்றுகொண்டிருப்பேன். அப்பா ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று திறப்பார். சீறல் அடங்கியதும் பாறையிடுக்கு ஊற்றிலிருந்து நான் பிடித்துவந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அதற்குள் எங்கள் பயணிகள் பின்னால் வந்த பஸ்ஸை மறித்து ஏறிப் போயிருப்பார்கள். படியில் கால் வைக்கும்போது அவர்களில் ஒருவராவது சொல்லியிருப்பார்: "பேரே அப்படி. வண்டி வேற எப்படி இருக்கும்?"

அந்த வண்டியின் பெயர் சாவுரோ.

எந்த நாட்டில் செய்தது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. எங்கள் அப்பா இருபது வருஷம் ஜீப் ஓட்டிய காப்பி எஸ்டேட்டின் பழைய முதலாளி எப்போதோ கப்பலில் வரவழைத்த வண்டி அது. நீளமான முதுகும், உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சும், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் இடமுமாக, வேனும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல் நடுவில் நின்ற ஒரு உருவம். எஸ்டேட் கைமாறியபோது கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அதை, முதலாளி போகும்போது அப்பாவிடம் "நீயே வெச்சுக்க" என்று விட்டுப் போனார். அப்பா நான்கு மாதம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். ஒரு நாள் காலை அது கனைத்தது, புகைத்தது, உடம்பைக் குலுக்கிக்கொண்டு கிளியூர்ச் சாலையில் வந்து நின்றது. புது முதலாளியிடம் ஜீப்புச் சாவியைக் கொடுத்துவிட்டு, இனி கிளியூரிலிருந்து சேலத்துக்குச் சொந்த வண்டி ஓட்டுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நல்ல மனுஷர். "காப்பிப் பழம் பறிப்பு தொடங்குற வரைக்கும் உன்ற எடத்துல ஆள் போடாம வெச்சிருக்கேன். ஓடலைன்னா வந்துரு" என்றார். அப்பா தலையை ஆட்டினார். ஆனால் ஊட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது வேறு: "திரும்பிப் போறதுக்கு நான் சாவியைக் குடுக்கல."

பெயரைக் கெடுத்தவள் நான்தான்.

ஆறாம் வகுப்பில் அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக்களைச் சேர்த்துப் படிக்கக் கற்றிருந்தேன். கண்ணில் பட்ட சோப்பு உறை, உர மூட்டை, பிஸ்கட் டப்பா எதையும் விடாமல் உரக்கப் படிக்கும் வெறி பிடித்த வருஷம் அது. வண்டி முதல்முதலாகக் காளியண்ணன் டீக்கடை முன்னால் வந்து நிற்கிறது. ஊரே சுற்றி நிற்கிறது. வண்டியின் முன்முகத்தில், ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற கம்பிக்கட்டிலேயே, கம்பியோடு கம்பியாக வார்த்த ஆறு வெள்ளி நிற எழுத்துக்கள் வெயிலில் மின்னுகின்றன. எஸ், ஏ, வி, யு, ஆர், ஓ என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, எல்லோரும் கேட்கும்படி, "சா-வு-ரோ" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த காளியண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. "ஏனுங்க டிரைவரே, சாவுங்களா?" என்றார். "ஊருக்கு மொத வண்டி, அதுவும் சாவு வண்டியா?" கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்ததையும் நான் பார்த்தேன்.

அந்த நாட்டுப் பாஷையில் அதற்கு மலைக்காற்று என்று அர்த்தம் என்று ரைட்டர் பிறகு சொன்னார். ரைட்டருக்கு அந்தப் பாஷை தெரியாது என்பதால் நான் அதை முழுசாக நம்பியதில்லை. ஆனால் எங்கோ ஒரு தூரதேசத்து அறையில் யாரோ நாலு பேர் உட்கார்ந்து, அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்து, இனிக்கிறது என்று தலையாட்டித்தானே அதை வண்டிக்கு வைத்திருப்பார்கள்? கப்பலில் வண்டி ஏறுகிறது, பெயரும் ஏறுகிறது, அர்த்தம் மட்டும் துறைமுகத்திலேயே நின்றுவிடுகிறது. இருபது வளைவு ஏறிக் கிளியூர் வந்து சேரும்போது அந்தச் சொல்லிடம் சொந்தமாக ஒன்றும் இருப்பதில்லை. நாங்கள் எதைக் கொடுக்கிறோமோ அதை உடுத்திக்கொள்ளும். நாங்கள் சாவைக் கொடுத்தோம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நம்முடைய அழகான பெயர்களைக் கேட்டு யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: நாக்கை அறுத்துப் போட்டுவிடலாமா என்று.

பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். பின்கதவில் இருந்ததை அப்பா நீலப் பெயிண்ட் அடித்து மறைத்தார். முன்முகத்தில் இருந்ததை அறுக்க அவருக்கு மனம் வரவில்லை. எழுத்தை எடுத்தால் கம்பிக்கட்டு முழுவதும் போகும். "மொகத்த வெட்டிப்போட்டு வண்டிய எப்படி ஓட்டுறது?" என்றார். அதனால் ஏற்காட்டுக் கடைவீதியில் போர்டு எழுதும் ஒருவரைப் பிடித்து, தகரத்தில் சேர்வராயன் மலையும் உதிக்கிற சூரியனும் வரைந்து, "சேர்வராயன் துணை" என்று சிவப்பில் எழுதி வாங்கினார். கம்பிக்கட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மூடுகிற பலகை. நாலு திருகாணி. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, சாமந்தி மாலையைக் குறுக்கே கட்டி வண்டியை எடுத்தோம். சாமி பெயரைப் பார்த்ததும் ஜனங்களுக்கு மனசு இளகியது. முதல் நாள் ஒன்பது பேர் ஏறினார்கள்.

இறங்கும்போது ஒன்றுமில்லை. ஏறும்போது ஒன்பதாவது வளைவில் கொதித்தது.

மறுநாள் பதினொன்றாவது வளைவில். அதற்கு மறுநாள் ஏழாவதில். பழைய வண்டி, உடம்பு பழக நாளாகும் என்று அப்பா சொன்னார். பழகவில்லை. ஒரு தடவை கொதித்தால் அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாகக் கோத்தாள். ஒரு வாரம் கொதித்தால் மாலை இன்னும் ஒரு சுற்றுத் தடித்தது. யாரோ சொன்னார்கள் என்று வேப்பிலைக் கொத்து வந்தது. இன்னொருவர் சொன்னார் என்று பலகைக்கு அடியில் மஞ்சள் துணி வந்தது. வண்டி கல்யாணப் பெண் மாதிரி ஆகிக்கொண்டே போனது, கொதிப்பும் கூடிக்கொண்டே போனது. இருபது வருஷம் மலையில் ஜீப் ஓட்டியவருக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஹோஸ் பைப்பை மாற்றினார், விசிறியின் பெல்ட்டை மாற்றினார், தண்ணீர் பம்பைப் பிரித்துப் பூட்டினார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். சாமியைச் சந்தேகப்பட எங்களில் யாருக்கும் வராது, அவ்வளவுதான்.

சேலத்தில் மெக்கானிக் மணியிடம் மூன்று தடவை விட்டோம். அவர் பக்தி உள்ளவர். எண்ணெய்க்கை சாமிமேல் படக் கூடாது என்று, வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாக மாலையையும் பலகையையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார். எல்லாம் பார்த்து முடித்ததும் அப்படியே எடுத்துக்கொண்டு பன்னிரண்டாவது வளைவு வரை ஏற்றிப் பார்த்துவிட்டு வருவார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. பிறகு கை கழுவிக்கொண்டு வந்து பயபக்தியோடு பலகையைப் பழையபடி பூட்டிக் கொடுப்பார்.

"வண்டியில ஒண்ணுமே இல்லீங்க" என்பார் ஒவ்வொரு தடவையும். மூன்றாவது தடவை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. பேரப் பாருங்க."

மெக்கானிக்கே சொல்லிவிட்ட பிறகு ஊர் என்ன சொல்லும்? புரட்டாசி முடிவதற்குள் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. ஒரே ஒரு ஆள் மட்டும் விடாமல் வந்தது. வெள்ளையம்மா. மலையில் பரம்பரையாக வெள்ளாமை செய்கிற குடும்பம். ஆரஞ்சும் மிளகும் பீன்ஸும் சேலம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். கூடையை ஏற்றச் சொல்லிவிட்டு, டீக்கடையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்றே பேசுவார்: "சாவுறதுக்கு வண்டி எதுக்குங்க, அது நடந்தே வந்துரும். என்ற ஆரஞ்சுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ எடு தம்பி."

ஐப்பசி தொடக்கத்தில் குப்பனூரில் அப்பாவின் பெரியப்பா இறந்துபோனார். நிறைந்த வயசு. மலைக்கு ஏறும் இன்னொரு பாதையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. பங்காளி வீட்டுச் சாவு என்பதால் எங்களுக்குப் பதினோரு நாள் தீட்டு. தீட்டுள்ள ஊட்டில், தீட்டுள்ள வண்டியில், சாமி பெயர் இருக்கக் கூடாது. செய்தி வந்த நிமிஷமே அப்பா திருகாணிகளைக் கழற்றினார். புதுத் துண்டில் பலகையைச் சுற்றி, தொடக்கூடாது என்று அதைத் துண்டின் முனையைப் பிடித்தே தூக்கிக்கொண்டு போய், தீட்டுப் படாத வெள்ளையம்மா ஊட்டில் வைத்துவிட்டு வந்தார். மாலை, எலுமிச்சை, வேப்பிலை எல்லாம் போயின. மாதக்கணக்கில் வெளிச்சம் படாத அந்த ஆறு எழுத்துக்கள், சாவு ஊட்டுக்குப் போவதற்கென்றே வந்ததுபோல் வெளியே வந்து நின்றன. காளியண்ணன் கடையிலிருந்து பார்த்தார். அன்றைக்கு அவர்கூடத் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதினோரு நாளும் சாவுரோ குப்பனூருக்கும் கிளியூருக்குமாக அலைந்தது. பிணம் எடுப்புக்குச் சொந்தக்காரர்கள், மூன்றாம் நாளுக்கு, எட்டாம் நாளுக்கு என்று ஏற்றமும் இறக்கமுமாக, அரிசி மூட்டையும் பாத்திரமும் ஆட்களும் அடைத்துக்கொண்டு. குப்பனூர்ப் பாதை மற்றதைவிடக் குறுகல், செங்குத்து. அம்மா முன் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். துக்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சூடு காட்டும் முள்ளை.

பன்னிரண்டாம் நாள் காலை, தலை முழுகிவிட்டு, பலகையை வாங்கிவர அப்பா வெள்ளையம்மா ஊட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். முகத்தில் கோபமா குழப்பமா என்று சொல்ல முடியாத ஒன்று.

"குடுக்க மாட்டேங்குது அந்தம்மா. 'சாமி என்ற ஊட்டுல வந்து குந்திக்கிச்சு, எந்திரிக்க மாட்டேங்குது'ங்குது. வெளக்கு வேற ஏத்தி வெச்சிருக்குது."

"நாந்தானுங்க குடுக்க வேண்டாம்னு சொல்லியுட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்தார்.

"ஏனுங்க, பதினோரு நாளா மேல ஏறுனமே. எத்தன தடவ நின்னோம்?"

அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ஒருக்காக்கூட நிக்கல. அந்த முள்ளு நடுவுல வந்து நிக்குது, அதுக்கு மேல போக மாட்டேங்குது. மணி பட்டறையிலயும் அப்படித்தான் நின்னுது. அங்கயும் பலகை செவுத்தோரம்தான் இருந்துச்சு. நமக்கு மூக்கைப் பொத்துனா ஏத்தம் ஏற முடியுங்களா?"

"சாமிய வெச்சு வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்றயா?"

"சாமி கெடுக்கலீங்க. தகரம் கெடுத்துச்சு."

அப்பா எழுந்து வெளியே போனார். சாமியைச் சோதித்துப் பார்ப்பது அவருக்கு ஆகாது. அதே சமயம் ஒரு சந்தேகத்தைச் சோதிக்காமல் விடுவதும் அவருக்கு ஆகாது. மறுநாள் விடிந்ததும் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அடிவாரம் வரை இறங்கினார். அங்கே ஒரு காலிச் சாக்கை எடுத்து, பலகை இருந்த இடத்தில், அதே அளவுக்கு மடித்துக் கட்டினார். சாமி பெயர் இல்லாத வெறும் உரச்சாக்கு. ஏறினோம். எட்டாவது வளைவில் அந்தப் பழைய வாசனை வந்தது. அப்பா வண்டியை ஓரம் கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினார். சாக்கை அவிழ்த்து உள்ளே எறிந்தார். மறுபடி அடிவாரத்துக்கு இறங்கினார். மறுபடி ஏறினோம். இருபது வளைவும் ஏறி ஏற்காட்டு ஏரிக்கரைக்கு வந்து வண்டியை நிறுத்தி, இறங்கி, அந்த ஆறு எழுத்துக்களின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பனி இறங்கிக்கொண்டிருந்தது.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் வழியில் இரண்டு பக்கமும் முள். பலகையை மாட்டினால் கொதிக்கும், ஜனம் ஏறாது. மாட்டாவிட்டால் பெயர் தெரியும், ஜனம் ஏறாது. சின்னதாக, கம்பிக்கு மேலே வைக்கலாமே என்று ரைட்டர் யோசனை சொன்னார். அப்பா மறுத்தார். "மறைச்சதுதானுங்க தப்பு. இனி மறைக்கறதில்ல" என்றார். சேர்வராயனின் சின்னப் படம் ஒன்று ஸ்டீயரிங்குக்கு முன்னால், உள்ளே, வந்து உட்கார்ந்தது. வெளியே அம்மா சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஆறு எழுத்துக்களையும் தேய்த்தாள்; வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தாள். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல.

பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார், அதுதான் எனக்கு இன்றும் முதுகெலும்பாக நிற்கிறது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஏழு மணிக்குக் கிளியூரில் வண்டியை எடுப்பது என்று வைத்துக்கொண்டார். ஏழென்றால் ஏழு. ரேடியோவில் செய்தி தொடங்கும்போது சாவுரோ டீக்கடையைத் தாண்டும். மழையென்றாலும், பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாவிட்டாலும், பின்னால் வெள்ளையம்மாவின் கூடைகள் மட்டும் இருந்தாலும், சில நாள் அதுவும் இல்லாவிட்டாலும். பகல் இரண்டு மணிக்குச் சேலத்திலிருந்து திரும்பும். சனிக்கிழமைகளில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். என்னால் வந்த பெயருக்கு நானே பயணி. டீக்கடை வாசலில் நின்றவர்கள் சிரிப்பார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு போவேன். காப்பிச் செடிகளில் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஜீப் ஓட்டும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ரைட்டர் இரண்டு தடவை சொல்லியனுப்பினார். மூன்றாவது தடவை, அடுத்த திங்கட்கிழமை வேறு ஆள் வருகிறது என்று சொல்லியனுப்பினார். அப்பா ஏழு மணிக்கு வண்டியை எடுத்தார்.

கார்த்திகை மழையில் சேலம் பாதையில் மண் சரிந்தது. பஸ் நின்றுபோனது. குப்பனூர்ப் பாதை திறந்திருந்தது, ஆனால் அந்தச் சேற்றில் பஸ் வராது. புது முதலாளி எடுத்துப்போன எஸ்டேட் ஜீப் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை பத்தரைக்குள் சேலத்தில் ஒரு கோயிலில் முகூர்த்தம். மணப்பெண், காளியண்ணனின் மகள் சரசு.

சாயங்காலம் காளியண்ணன் எங்கள் ஊட்டுக்கு வந்தார். தனியாக வரவில்லை, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு சிவப்புப் பட்டுத்துண்டு. வாசலில் நின்ற வண்டியைப் பார்க்காமலே பேசினார்.

"நாளைக்குக் காலையில... புள்ளையக் கொண்டுபோயி விடோணுமுங்க."

"போலாமுங்க" என்றார் அப்பா.

"அப்பறம் இதைய..." காளியண்ணன் பட்டுத்துண்டை நீட்டினார். "முன்னாடி மட்டும் இதையக் கட்டிக்கலாமுங்க. நல்ல காரியம் பாருங்க."

அப்பா துண்டை வாங்கவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு துண்டு. இறங்குகிற வழிக்கு மட்டுமாவது கட்டினால் என்ன? ஊரே ஏறும். திங்கட்கிழமைக்கு இரண்டே நாள்.

"மொகத்த மூட மாட்டேனுங்க. மூடுனா வண்டி ஏறாது. மாப்பிள்ளையும் பொண்ணும் திரும்பி மேல வரோணுமில்ல? வேணும்னா கூரையில மாலை கட்டிக்குங்க, கதவுல கட்டிக்குங்க."

"என்ற புள்ள கல்யாணத்துக்குச் சாவுன்னு எழுதுன வண்டியிலயா போறது?"

அம்மா உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் சரசு பேசினாள். அதுவரை அவள் குரலை நான் அவ்வளவு அருகில் கேட்டதில்லை.

"அது சாவுன்னு எழுதலீங்கப்பா. அப்படிச் சொன்னது நீங்கதான். வண்டி அது பாட்டுக்கு ஏழு மணிக்குப் போயிட்டு வந்துட்டுத்தான் இருக்குது. நான் தெனமும் அது சத்தத்தக் கேட்டுத்தான் அடுப்புல ஒல வெக்கறேன். ஒரு நாளாச்சும் தப்பியிருக்குதா?"

காளியண்ணன் முதல்முறையாக வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பட்டுத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எத்தன மணிக்குங்க?" என்றார்.

"ஏழு" என்றார் அப்பா.

ஏழு மணிக்கு எடுத்தோம். பதினாறு பேர், தாம்பாளம், தேங்காய்க் கூடை, ஒரு நாதஸ்வரக்காரர். குப்பனூர்ப் பாதையில் முதல் கியரிலேயே, பிரேக்கை அதிகம் நம்பாமல், என்ஜினின் பிடியிலேயே வண்டியை விட்டு இறக்கினார் அப்பா. ஒன்பதரைக்குக் கோயில் வாசல்.

திரும்பும்போதுதான் சோதனை. எல்லோருக்கும் அது தெரியும். காளியண்ணன் முன் இருக்கையில் ஏறும்போது, கோயில் மண்டபத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. முதல் சில வளைவுகளில் பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டது. பிறகு அது அடங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியிலிருந்த எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்து, திரும்பியதும் விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அம்மாவின் மடியில் நெருங்கி உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். நடுவுக்கு வந்தது. நின்றது. குடம் குலுங்கிக் காளியண்ணனின் புது வேட்டி நனைந்துகொண்டே இருந்தது. அவர் குடத்தை விடவில்லை. மேலே ஏறி, சமதளம் வந்து, காப்பிச் செடிகளின் வாசனை ஜன்னலில் அடித்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை சரசுவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

கிளியூரில் இறங்கியதும் காளியண்ணன் குடத்தைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போனார். ஒரு சொட்டும் வண்டிக்குப் போகாத அந்தத் தண்ணீரிலேயே எல்லோருக்கும் டீ போட்டார். மன்னிப்பு, நன்றி எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்கள் பக்கத்தில் அதெல்லாம் வாயால் சொல்கிற வழக்கமில்லை. மறுநாள் ஏழு மணிக்குப் பால் பாத்திரத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை இடம் இல்லை. திங்கட்கிழமை எஸ்டேட் ஜீப்புக்குப் புது டிரைவர் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பதினான்கு வருஷம் ஓடியது சாவுரோ. பிரசவத்துக்குப் போனது, பரீட்சைக்குப் போனது, சேர்வராயன் தேருக்குப் போனது. பழுதாகவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆக்சில் முறிந்தது, கதவு கழன்று விழுந்தது, ஒரு தடவை எருமை ஒன்று பக்கவாட்டில் முட்டியது. ஆனால் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அதன் அடியில் படுத்தார், ஒவ்வொரு திங்களும் ஏழு மணிக்கு எடுத்தார். கடைசியில் உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்காமல்போய், சேலத்தில் பழைய இரும்புக்குப் போனது. அந்த முன்முகத்தையாவது வாங்கி வைத்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "ஓடாத மொகம் எதுக்கு கண்ணு" என்றார் அப்பா. இப்போது அவரும் இல்லை.

சென்ற மாதம் மலையேறினேன். ஊற்று இருந்த இடத்தில் சிமெண்ட்டுச் சுவர். வளைவுகளில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த பீப்பாய்கள் ஒன்றும் இல்லை, யாருக்கும் தேவையில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாயில் நுழையாத பெயர்களோடு, வண்டிகள் நிற்காமல் ஏறிப் போகின்றன. அந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை, சிரிப்பதுமில்லை. எனக்கு அது ஏனோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பெயரைப் பார்த்துப் பயந்து, பழகி, பிறகு அந்தப் பெயரையே தன் வாய்ச்சொல்லாக்கிக்கொள்ள ஒரு வண்டிக்கும் ஒரு ஊருக்கும் நடுவில் இப்போது நேரம் இல்லை.

சரசு அக்கா ஊட்டில்தான் தங்கினேன். முடி நரைத்துவிட்டது, குரல் அதேதான். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், புதிதாக வந்த மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலையில சாவுரோ நேரத்துக்கு எந்திரிச்சுரு சாமி. இவுங்களுக்கு இட்லி ஊத்தோணும்."

அந்தப் பெண் சமவெளியிலிருந்து வந்தவள். புரியவில்லை. கைபேசியை எடுத்து ஏதோ தட்டித் தேடினாள்.

"அப்படி எதுவும் இல்லீங்களே அத்தை."

சரசு அக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருந்துச்சு சாமி. ஏழு மணிக்கு இருந்துச்சு."